காயத்துக்கும் வைத்தியருக்கும் நடுவே

யுத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் எழுகின்ற உருவங்கள் பெரும்பாலும் இரண்டுதான்: துப்பாக்கி ஏந்தி எல்லையில் நிற்கும் சிப்பாய் ஒருவன், அவன் அடிபட்டு வந்து சேரும்போது ஆஸ்பத்திரியில் கத்தியும் கையுமாகக் காத்திருக்கும் டாக்டர் ஒருவர். இவ்விருவருக்கும் இடையே ஒரு தூரம் கிடக்கிறது. சமயத்தில் அது நூறு கஜமாக இருக்கும். சமயத்தில் இரண்டு மலைகளும் ஒரு பனியாறும் ஓர் இரவு முழுவதும் பெய்கின்ற பனிப்புயலுமாக இருக்கும். அந்தத் தூரத்தில் சிப்பாயின் பிராணன் யார் கையில் இருக்கிறது என்பதை நாம் கேட்பதில்லை. அதைத் தன் கையில் வைத்துக்கொண்டிருப்பவர் டாக்டரல்ல; தளபதியுமல்ல; பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துவிட்டு, ஆள்சேர்ப்பு முகாமில் மற்ற இளைஞர்களோடு சேர்ந்து ஓடித் தேறி, லக்னோவில் பயிற்சி பெற்று, சிப்பாய்க்குரிய சம்பளத்தில் சிப்பாய்க்குரிய பதவியில் பணிபுரிகின்ற நர்சிங் அசிஸ்டென்ட் என்னும் மருத்துவ உதவியாளர். அவரைப் பற்றித் தமிழில் அதிகமாக எழுதப்பட்டதில்லை. வேலூர் மாவட்டத்திலும் தேனிப் பக்கத்திலும் வீட்டுக்கு ஒருவரைப் படைக்கு அனுப்பிய கிராமங்கள் உள்ள நம் நாட்டில் இது பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

இந்தியத் தரைப்படையின் மருத்துவப் பிரிவாகிய ஆர்மி மெடிக்கல் கோர், இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த 1943-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி உருவாயிற்று. அதற்கு முன்பு டாக்டர்களுக்கு ஒரு பிரிவும், கீழ்நிலை வைத்தியர்களுக்கு வேறொரு பிரிவும், ஆஸ்பத்திரிப் பணியாளர்களுக்கு இன்னொரு பிரிவுமாகத் தனித்தனியே இயங்கியவற்றை ஒன்றாக்கிப் பிறந்தது அது. நர்சிங் அசிஸ்டென்ட் மட்டுமல்ல. ஆபரேஷன் அறையில் கருவிகளைக் கொதிக்க வைத்து எடுத்துக் கொடுப்பவர், ரத்தம் சேகரித்து ஏற்றுபவர், எக்ஸ்ரே எடுப்பவர், ரத்தத்துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி மலேரியாக் கிருமியைத் தேடுபவர், ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்குபவர் என்று பலவகைத் தொழில்நுட்ப உதவியாளர்கள் அதில் உண்டு. விமானப்படையிலும் கடற்படையிலும் இவர்களுக்கு மெடிக்கல் அசிஸ்டென்ட் என்று பெயர். அதிகாரிகளாக நியமனம் பெறுகின்ற ராணுவ நர்சிங் ஸிஸ்டர்கள் வேறு. அவர்களுடைய சரித்திரம் தனிக் கட்டுரைக்கு உரியது.

யுத்தமில்லாத காலத்தில் இந்த உதவியாளரின் ராஜ்யம் எம்.ஐ. ரூம் என்று படையில் எல்லாரும் அழைக்கின்ற சிறு வைத்திய அறை. காலையில் சிக் ரிப்போர்ட் என்று வரிசையாக வந்து நிற்பவர்களில், பூட்ஸ் கடித்துக் கால் புண்ணானவன், இரவெல்லாம் ஜுரத்தில் கிடந்தவன், ஊரிலிருந்து வந்த போன் செய்தியால் தூக்கம் கெட்டு அதை வயிற்றுவலி என்று சொல்லுகிறவன், பரேடுக்குப் போக மனமில்லாதவன் எல்லாரும் இருப்பார்கள். யாருக்கு மாத்திரை போதும், யாரை டாக்டரிடம் உடனே அனுப்ப வேண்டும், யாரை ஒரு நிமிஷம் உட்கார வைத்து விசாரித்தாலே போதும் என்ற விவேகம் புஸ்தகத்தால் வருவதன்று. அந்த ஆட்களோடு ஒரே பாரக்கில் படுத்து, ஒரே லங்கரில் சாப்பிட்டு, அவர்களுடைய நடையும் குரலும் நாளுக்கு நாள் எப்படி மாறுகின்றன என்பதைக் கவனித்து வருகிறவனுக்கே அது வாய்க்கும். ஜவான்கள் அவரை டாக்டர் சாப் என்றே கூப்பிடுகிறார்கள். அவருடைய தோளில் நட்சத்திரம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவர் அவர்தான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இந்தத் தொழிலில் பெரும்பகுதி, காண்பவர்களுக்குச் சுவாரஸ்யமே இல்லாத காரியங்களால் ஆனது. குடிதண்ணீர்ப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். ஹாராக்ஸ் பெட்டி என்று ஒன்று உண்டு. பிரிட்டிஷ் ராணுவ வைத்தியர் ஒருவரின் பெயரால் வழங்குவது. அதில் வெள்ளைக் கிண்ணங்கள் ஆறும் கறுப்புக் கிண்ணம் ஒன்றும் இருக்கும். இரண்டு கிராம் பிடிக்கின்ற சிறு கரண்டியால் பிளீச்சிங் பவுடரை அளந்து கறுப்புக் கிண்ணத்தில் குழைத்து, கோடு வரை நீர் ஊற்றிக் கலக்கித் தெளியவிட வேண்டும். ஆறு வெள்ளைக் கிண்ணங்களிலும் பரிசோதிக்க வேண்டிய தண்ணீரை நிரப்பி, தெளிந்த கரைசலை முதல் கிண்ணத்தில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு சொட்டு என்று ஆறாவது வரை விட்டுக் கலக்கி, அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச்சும் அயோடைடும் கலந்த திரவத்தை மூன்று சொட்டு விட்டால், எந்தக் கிண்ணத்தில் முதன்முதலாக நீலம் தெரிகிறதோ, அந்தக் கிண்ணத்தின் எண்ணை இரண்டால் பெருக்கி, அத்தனை கிராம் பவுடரை 455 லிட்டர் தண்ணீருக்குச் சேர்க்க வேண்டும். மூன்றாவது கிண்ணத்தில் நீலம் தெரிந்தால் ஆறு கிராம். அவ்வளவுதான் காரியம். ஆனால், புதிதாக முகாம் அடித்த இடத்தில் அந்த அரை மணி நேரத்தைப் பொறுக்க மாட்டாமல் ஒருவன் கை தளர்ந்து விட்டானானால், மூன்றாம் நாள் ஒரு கம்பெனி முழுவதும் வயிற்றுப்போக்கில் படுத்துவிடும். அதன்பின் எதிரி வந்து சுட வேண்டிய அவசியமே இராது.

இது மிகைப்படுத்திச் சொல்வதல்ல. 1943-இல் பர்மா முனையில் ஜப்பானியரை எதிர்த்து நின்ற படைகளில், காயத்தினால் பின்னுக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொருவனுக்கும் நோயினால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர் என்று படைத்தலைவர் ஸ்லிம் கணக்கிட்டார். மலேரியா மட்டுமே அந்த வருஷம் படையின் மொத்தத் தொகையில் நூற்றுக்கு 84 என்ற விகிதத்தில் பற்றியது. மெபாக்ரின் என்னும் மஞ்சள் மாத்திரையை ஒவ்வொரு சிப்பாயும் விழுங்குகிறானா என்று முன்னறிவிப்பின்றிப் பரிசோதிக்கச் செய்து, அதில் அசட்டையாக இருந்த பட்டாலியன் தலைவர்கள் மூவரை அவர் பதவியிலிருந்தே நீக்கினார். தளபதியின் கட்டளை அங்கே முடிந்தது. ஒவ்வொருவன் வாயிலும் மாத்திரை போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த கண்களும், ரத்தத் தகடுகளை மைக்ராஸ்கோப்பின் கீழ் ஓயாது நகர்த்திய கைகளும் மருத்துவ உதவியாளர்களுடையவை. இம்பாலிலும் கோஹிமாவிலும் அடுத்த வருஷம் கிடைத்த வெற்றியில் அவர்களுக்குப் பங்கு உண்டு என்று நான் துணிந்து சொல்வேன்.

இனி உயரமான மலைகளுக்குச் செல்வோம். 1962-இல் சமவெளியிலிருந்து படைகளை அவசர அவசரமாக இமயத்தின் மேல் ஏற்றியபோது, ஒரு குண்டும் படாமலே ஆட்கள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். உயரத்தில் பிராணவாயு குறைவதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அந்த நோயை ஹாப்போ என்று படையில் சுருக்கிச் சொல்கிறார்கள். நம் ராணுவ வைத்தியர்கள் 1,925 சிப்பாய்களை ஆராய்ந்து 1969-இல் வெளியிட்ட கட்டுரை, மலைநோய் பற்றி உலகம் எங்கும் படிக்கப்பட்டது. அந்த அநுபவத்திலிருந்து பிறந்ததே இன்றைய நியதி: 9,000 அடிக்கு மேல் செல்பவன் முதல் கட்டத்தில் ஆறு நாட்களும், 12,000 அடிக்கு மேல் நான்கு நாட்களும், 15,000 அடிக்கு மேல் மறுபடி நான்கு நாட்களும் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டே ஏற வேண்டும். ஒவ்வொரு நாளும் நாடி பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, விரல்நுனியில் கருவியை மாட்டி ரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் குறித்து, இவன் ஏறலாம், இவன் இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று தரம் பிரிக்க உதவுகின்ற நோட்டுப்புத்தகம் நர்சிங் அசிஸ்டென்டின் கையில் இருக்கிறது.

சியாச்சின் பனியாற்றின் மேலே, பத்துப் பேர் மட்டும் இருக்கின்ற காவல் நிலையங்களில் டாக்டர் இருப்பதில்லை. அங்கே ராத்திரி ஒருவனுக்கு இருமல் தொடங்குகிறது; படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று எழுந்து உட்காருகிறான்; முதுகில் காதை வைத்துக் கேட்டால் கொதிக்கின்ற தண்ணீர்ப் பாத்திரத்தின் ஓசை கேட்கிறது; துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக வருகிறது. கீழே இறக்குவதுதான் சரியான மருந்து. வெளியே புயல் அடிக்கும்போது ஹெலிகாப்டர் வராது, காலால் இறங்கவும் வழியில்லை. உதவியாளர் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து முகமூடியை மாட்டுகிறார். நிபிடிபின் மாத்திரை கொடுக்கிறார். ரேடியோவில் கீழேயுள்ள டாக்டரைப் பிடித்து, விரல்நுனிக் கருவி காட்டுகின்ற எண்ணைச் சொல்லி யோசனை கேட்கிறார். அதுவும் போதாதென்று கண்டால், அழுத்தப் பை என்ற நீண்ட பையை விரித்து அதனுள் நோயாளியைப் படுக்க வைத்து இழுபூட்டை மூடி, காலால் மிதிக்கும் பம்பினால் காற்றை ஏற்றுகிறார். உள்ளே அழுத்தம் கூடக் கூட, பைக்குள் கிடப்பவனுடைய உடம்பு பல ஆயிரம் அடி கீழே இறங்கிவிட்டது போன்ற நிலையை அடைகிறது. ஆனால் மிதிப்பதை நிறுத்தலாகாது. நிறுத்தினால் அவன் வெளியிட்ட அசுத்தக் காற்றே உள்ளே தேங்கிவிடும். ஆகவே அந்த மெல்லிய காற்றில், நான்கு அடி நடந்தாலே இளைக்கின்ற இடத்தில், மற்றவர்கள் முறை வைத்து மிதிக்க, உதவியாளர் பையின் சிறு ஜன்னல் வழியே முகத்தைப் பார்த்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருக்கிறார். எந்த விருதுப் பட்டியலிலும் இடம்பெறாத இத்தகைய இரவுகளால் ஆனதுதான் அவருடைய உத்தியோகம்.

2016-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி, 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் என்ற காவல் நிலையத்தின் மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்து பத்துப் பேரைப் புதைத்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த காவல் அது. தமிழ்நாட்டார் நால்வர் அதில் இருந்தனர். ஆறு நாட்களுக்குப் பின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் என்ற கன்னட வீரர் மட்டும் பனிக்கடியிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டு, டில்லி ராணுவ ஆஸ்பத்திரியில் 11-ஆம் தேதி காலமானார். தேசமே அந்த மூன்று நாட்களும் அவருக்காகப் பிரார்த்தித்தது நினைவிருக்கும். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மகாராஷ்டிர மாநிலம் சாதாராவைச் சேர்ந்த சூரியவன்ஷி. ராணுவம் வெளியிட்ட பட்டியலில் அவர் பெயருக்கு முன்னால் இருந்த பதவி, சிப்பாய் நர்சிங் அசிஸ்டென்ட். மற்ற ஒன்பது பேருடைய மூச்சையும் நாடியையும் காப்பதற்கென்றே அந்த உயரத்துக்கு அனுப்பப்பட்டவர், அவர்களோடு அவர்களாகவே பனியில் அடங்கினார். இந்த ஒரு பெயரையாவது நாம் மறக்காமலிருக்க வேண்டும் என்ற ஆசையினாலேயே அதை இங்கே குறிப்பிடுகிறேன்.

போர்க்களத்தில் இந்த உதவியாளர் எதிர்த்துப் போராடுவது பெரும்பாலும் ரத்தப்போக்கை. தொடையிலுள்ள பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டால் சில நிமிஷங்களில் காரியம் முடிந்துவிடும். எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி எவ்வளவு அருகில் இருந்தாலும் பயனில்லை. 2001 முதல் 2011 வரை இராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மாண்ட அமெரிக்கப் படையினர் 4,596 பேரின் மரணங்களை அந்நாட்டு ராணுவ வைத்தியர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்த்தபோது, நூற்றுக்கு 87 பேர் எந்த வைத்திய நிலையத்தையும் அடையுமுன்னரே இறந்திருந்தார்கள் என்றும், அவர்களில் ஏறக்குறைய கால்பங்கினர் பிழைத்திருக்கக் கூடியவர்கள் என்றும், அந்தக் கால்பங்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கொன்றது ரத்தப்போக்கே என்றும் கண்டார்கள். இந்த எண்களைப் படித்த பிறகு, சத்திர சிகிச்சை நிபுணருக்கு நாம் அளிக்கின்ற மரியாதையில் ஒரு பங்கையேனும், புழுதியில் முழங்காலிட்டு டூர்னிக்கெட் பட்டையை ரத்தம் நிற்கும்வரை முறுக்கி இறுக்கி, எத்தனை மணிக்கு இறுக்கினோம் என்பதைக் காயம்பட்டவன் நெற்றியிலோ அவனோடு செல்லும் அட்டையிலோ எழுதியனுப்புகிறவனுக்கு அளிக்காமல் இருக்க முடியுமா? அந்த மணியை எழுத மறந்தால் மேலே இருக்கின்ற டாக்டருக்குக் காலைக் காப்பாற்றலாமா, வெட்டத்தான் வேண்டுமா என்று தீர்மானிக்க ஆதாரம் இல்லாமல் போய்விடும்.

அதைவிடக் கடினமான கடமை ஒன்று உண்டு. ஒரே சமயத்தில் பலர் விழுந்து கிடக்கும்போது யாரை முதலில் தொடுவது என்பது. உரக்கக் கதறுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்பது நிச்சயம். சத்தமின்றிக் கிடப்பவனிடமே முதலில் ஓட வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். கதறுகிறவன் நேற்று வரை தன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சிநேகிதனாக இருப்பான். அவனைத் தாண்டிப் போக வேண்டும். எதைச் செய்தாலும் பிழைக்க மாட்டான் என்று தெரிந்தவனிடம், மருந்துப் பையிலுள்ள கடைசிக் கட்டுத்துணியைச் செலவிடலாகாது. எதிரியின் சிப்பாயே ஆனாலும், காயத்தின் அவசரம் அதிகமானால் அவனுக்கே முதல் சிகிச்சை. 1949-ஆம் வருஷத்து ஜினீவா உடன்படிக்கை, வைத்திய அவசரம் ஒன்றைத் தவிர வேறெந்தக் காரணத்தாலும் முன்பின் பார்க்கக்கூடாது என்று விதித்திருக்கிறது. அதே உடன்படிக்கைதான் இடது கையில் செஞ்சிலுவைப் பட்டை அணிந்த மருத்துவப் பணியாளனைச் சுடலாகாது என்றும், தன்னையும் தன் நோயாளிகளையும் காத்துக்கொள்ளும் அளவுக்கு அவன் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம் என்றும், பிடிபட்டால் அவன் யுத்தக் கைதியாக எண்ணப்படாமல் வைத்தியத்துக்காகவே நிறுத்தி வைக்கப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. இருபது வயது இளைஞனிடம் இத்தனை தர்ம விசாரத்தையும் ஒப்படைத்து அனுப்புகிறோம்.

தமிழருக்கு இந்தத் தொழிலோடு உள்ள உறவு பழையது. 1899-இல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டபோது காந்தியடிகள் திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர் சேர்ந்தனர். அவர்களில் 300 பேரளவில் சுதந்திரமாக வாழ்ந்தவர்கள். எஞ்சிய பெருந்தொகையினர், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்தும் தெலுங்கு நாட்டிலிருந்தும் கப்பலேறியோர் பலர். ஸ்பியன் காப் போரில் காயமுற்றோரை ஸ்ட்ரெச்சரில் கிடத்தி, நாளொன்றுக்கு இருபது இருபத்தைந்து மைல் தூரம் அவர்கள் சுமந்து சென்றார்கள். யுத்தம் முடிந்ததும் தலைவர்கள் முப்பத்தேழு பேருக்குப் பதக்கம் கிடைத்தது. கூலிகள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பின், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆற்காட்டுத் தமிழர் லெப்டினென்ட் கர்னல் ரங்கராஜ், 60-ஆவது பாரசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸைக் கொரியாவுக்கு நடத்திச் சென்றார். 1950 டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து படைகள் பின்வாங்கியபோது, மருத்துவச் சாமான்களை எரித்துவிட்டு வரும்படி உத்தரவு. சாமான் இல்லாத மருத்துவப் படையால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எண்ணிய அவர்கள், கைவிடப்பட்ட ஒரு ரயில் எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தார்கள். ரயில்வே வேலை தெரிந்த ஆட்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றிக் கொதிகலனை நிரப்பி, பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்படுமுன் அதைக் கடந்து தெற்கே வந்து சேர்ந்தார்கள். மறு வருஷம் மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்கப் பாரசூட் படையோடு அவர்களில் ஒரு சிறு குழுவினர் முன்சான் என்ற இடத்தில் வானிலிருந்து குதித்துப் போர்முனையிலேயே சிகிச்சை செய்தனர். அந்தப் பிரிவுக்கு மகாவீர் சக்ரம் இரண்டும் வீர் சக்ரம் ஆறும் கிடைத்தன. ரங்கராஜின் பெயர் ஓரளவு தெரிகிறது. வாளியைக் கைமாற்றியவர்கள் பெயர்கள் நம்மிடம் இல்லை.

இன்று உயிரோடு நம்மிடையே இருப்பவர்கள் விஷயத்திலாவது இந்தப் பழக்கத்தை மாற்ற வேண்டாமா? சிப்பாய் வர்க்கத்தினர் இளம் வயதிலேயே ஓய்வு பெறுகிறார்கள்; நாற்பதை ஒட்டிய பிராயத்தில், கையும் கண்ணும் பக்குவப்பட்டு நிற்கின்ற சமயத்தில், மருத்துவ உதவியாளர் ஊர் திரும்புகிறார். ராணுவத்தில் டாக்டர் இல்லாத இடத்தில் ஒன்பது உயிர்களுக்குப் பொறுப்பாக வைக்கப்பட்டவர், வெளியே வந்தவுடன் தம் தொழிலுக்குரிய சான்றிதழ் எந்தப் பதிவேட்டில் செல்லும் என்று அலைய நேர்கிறது. அலைந்து சலித்து, ஏ.டி.எம். வாசலிலோ தொழிற்சாலைக் கேட்டிலோ காவல் உடுப்பில் உட்கார்ந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதை அவமானம் என்று நான் சொல்லவில்லை, அதுவும் நேர்மையான பிழைப்பே. ஆனால் அரசாங்கம் செலவழித்துக் கற்பித்த ஒரு வித்தை அங்கே வீணாகிறது.

அமெரிக்காவில் இதே பிரச்னை எழுந்தபோது ட்யூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜீன் ஸ்டெட் ஒரு வழி கண்டார். 1965-இல் முன்னாள் கடற்படை மருத்துவ உதவியாளர் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் ஏற்கனவே அறிந்ததன் மேல் அறியாததைக் கட்டி, பிஸிஷியன் அசிஸ்டென்ட் என்ற புதிய தொழிலையே உண்டாக்கினார். இன்று அது உலகில் பல நாடுகளில் பரவியிருக்கிறது. நம் நாட்டில் அந்தப் படிப்பு முதன்முதலாக 1992-இல் தொடங்கியது வேறெங்குமல்ல, சென்னையில், மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில், டாக்டர் கே.எம். செரியனின் முயற்சியால். ராணுவ உதவியாளர்களுக்காகப் பிறந்த படிப்பு நம் ஊருக்கு வந்து முப்பது வருஷங்களுக்கு மேலாகியும், நம் ராணுவ உதவியாளர்களுக்கு அதனுள்ளே நுழையத் தனி வாயில் வைக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பெறவில்லை. 2021-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய துணைமருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம், ஆய்வக நிபுணர், எக்ஸ்ரே நிபுணர், பிஸிஷியன் அசிஸ்டென்ட் முதலியோரை எல்லாம் ஒரு கூரையின் கீழ்க் கொண்டுவந்து, மாநிலந்தோறும் கவுன்சில்கள் அமைக்க வகை செய்திருக்கிறது. அந்தக் கவுன்சில்களில் ராணுவ மருத்துவப் பிரிவின் பிரதிநிதி ஒருவரை உட்கார வைத்து, லக்னோவின் பாடத்திட்டத்தையும் நம் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, எவ்வளவு படிப்பு குறைகிறதோ அவ்வளவை மட்டும் ஆறு மாதமோ ஒரு வருஷமோ கற்பித்துப் பதிவு கொடுப்பது நடக்கக் கூடாத காரியமன்று. 108 ஆம்புலன்ஸ் வண்டிகளிலும், இரவில் டாக்டர் இல்லாத மலைக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், நெடுஞ்சாலை ஓரத்து விபத்துச் சிகிச்சை மையங்களிலும் அவர்களுக்கு வேலை காத்துக் கிடக்கிறது. அடுத்த பட்ஜெட்டுக்கு முன் மாநில சுகாதாரத் துறையும் முன்னாள் படைவீரர் நலத்துறையும் ஒரே மேஜையில் அமர்ந்து இதைத் தொடங்க வேண்டும்.